டிசம்பர் மாத்திரை

எனக்கு மூக்கு ஒழுகத் தொடங்கிய வருடம் எது என்று யோசிக்கவே வேண்டியதில்லை. அண்ணன் போன பிறகு வந்த முதல் டிசம்பர். அதற்கு முன்னால் எனக்குச் சளி பிடித்தால் ஊரில் எல்லோருக்கும் போல நாலு நாளில் போய்விடும். அந்த டிசம்பரில் பிடித்த தும்மல் ஜனவரி ஆறாம் தேதி வருகிற மூன்று ராஜாக்கள் திருநாள் முடிகிறவரை நிற்கவில்லை. கண் அரிக்கும், தொண்டை அரிக்கும், காதுக்குள் விரல் போகாத இடத்தில் அரிக்கும். பனி ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். சரி, பனிதான் என்று நானும் இருந்துவிட்டேன்.

நாங்கள் சேலையூரில் இருந்தோம். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அம்மா வீட்டில். நான் நுங்கம்பாக்கத்தில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். என்னைவிட மூன்று வயது மூத்த அண்ணன் கிண்டியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் டர்னர். எண்பதுகளின் நடுவில், ஒரு ஜனவரி தொடக்கத்தில், காலையில் வேலைக்குப் போகிற அவசரத்தில் மேம்பாலப் படி ஏறாமல் ரயில்வே லைனைக் குறுக்கே தாண்டினான். தினமும் தாண்டுகிற லைன்தான். எலெக்ட்ரிக் ட்ரெயின் அடித்துவிட்டது. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், வரவில்லை.

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் குடில் அண்ணனுடைய இலாகா. வேறு யாரும் கை வைக்கக் கூடாது. டிசம்பர் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்குவான். பிரவுன் பேப்பரைக் கசக்கி, சாயம் பூசி மலை செய்வான். பால் டின் மூடிகளில் கேழ்வரகு விதைத்து முளைக்க வைத்து அதைப் புல்வெளி என்பான். வைக்கோல், மாடம்பாக்கத்திலிருந்து வரும் பால்காரர் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்து தருவார். அந்த வைக்கோலில் ஒரு பிடியைக் குழந்தை யேசுவுக்கு மெத்தையாகப் போட்டு, மீதியை நூலால் வரிசை வரிசையாகக் கட்டிக் கூரை வேய்வான். கடைசியில் கூரை விளிம்பைக் கத்தரிக்கோலால் கிராப் வெட்டுவது போல ஒரே மட்டமாக வெட்டுவான். மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் குடிலைப் பிரித்து, வைக்கோலைப் பால்காரரிடமே கொடுத்துவிடுவோம். அவர் வீட்டு மாடு தின்னும். எங்கள் தெருவில் குடில் வைக்கிற எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம்.

அந்த வருடம் மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு முன்பே அண்ணன் போய்விட்டான். கூடத்தில் சவப்பெட்டியை வைக்க இடம் வேண்டுமென்று யாரோ குடிலை மேசையோடு மூலைக்குத் தள்ளி, ஒரு படுக்கை விரிப்பைப் போட்டு மூடினார்கள். முப்பதாம் நாள் பூசை முடிகிறவரை அந்த விரிப்பை யாரும் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அம்மா ஒரு மத்தியானம் தனியாக உட்கார்ந்து குடிலைப் பிரித்தாள். பால்காரர் வாசலில் வந்து நின்று வைக்கோலைக் கேட்டார். "இல்லப்பா, இருக்கட்டும்" என்றாள். கூரையைக் கலைக்காமல் பழைய சேலையில் சுற்றினாள். மெத்தை வைக்கோலைத் தனியாக ஒரு பையில் போட்டாள். இரண்டும் டிரங்குப் பெட்டிக்குள் போயின. பெட்டி பரணுக்குப் போனது.

எங்கள் பரணுக்கு மேலே ஓட்டில் ஒரு விரிசல். ஐப்பசி மழைக்கு அங்கே ஈரம் கசியும். அப்பா ஒவ்வொரு வருடமும் ஆள் வைத்துப் பூச வேண்டும் என்பார். ஒவ்வொரு வருடமும் பூசவில்லை. டிசம்பரில் பெட்டியை இறக்கித் திறந்தால் ஒரு மக்கிய வாடை வரும். அடுத்த வருடம் அது கொஞ்சம் கூடுதலாக வரும். அப்பாவுக்கு மூக்கு என்பது பொடி போடுவதற்காக ஏற்பட்ட உறுப்பு, அவருக்கு ஒரு வாடையும் தெரியாது. அம்மா ஒன்றும் சொல்ல மாட்டாள். அதே வைக்கோல், அதே கூரை, அதே இடம். நான் தும்மத் தொடங்குவேன்.

முதலில் எனக்குக் கிடைத்தது மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமலே கிள்ளிக் கொடுக்கிற சின்ன அலர்ஜி மாத்திரை. மலிவு. போட்ட அரை மணியில் தும்மல் நின்றுவிடும். கூடவே மற்றதெல்லாமும் நின்றுவிடும். நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டும். பக்கத்தில் நின்று பேசுகிறவர் பக்கத்து வீட்டில் பேசுவது போல இருக்கும். ஆபீசில் ஒரே வரியை இரண்டு தரம் டைப் அடித்துவிட்டு, இரண்டையும் படித்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று மேனேஜர் மேசைக்கு அனுப்பியிருக்கிறேன். கூப்பிட்டுத் திட்டுவார். திட்டு என் மேல் படாமல் எங்கேயோ போகும். டிசம்பர் முழுக்க அப்படித்தான் போனது. எனக்கு அது பிடித்திருந்தது. எங்கள் வீட்டில் டிசம்பரை வேறு எப்படிக் கழிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆபீசில் எனக்கு மூத்த டைப்பிஸ்ட் ஒரு அக்கா. குரோம்பேட்டையில் ஏறுவார். தாம்பரத்திலேயே ஏறுகிற நான் லேடீஸ் கம்பார்ட்மெண்டில் அவருக்கு ஒரு இடம் பிடித்து வைத்திருப்பேன். அவருக்கும் மார்கழி வந்தால் தும்மல். வாசலில் கோலம் போடக் குனிந்தாலே ஆரம்பித்துவிடும் என்பார். நாங்கள் இருவரும் மூக்கைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு எங்கள் வயதுப் பெண்கள் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். எதிரில் உட்கார்ந்திருக்கிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

"அந்தச் சின்ன மாத்திரையா? வேணவே வேணாம்மா" என்பார் அக்கா. "அதப் போட்டா எனக்குப் பல்லாவரம் தெரியும், அப்புறம் பீச் ஸ்டேஷன்தான் தெரியும். நடுவுல நுங்கம்பாக்கம்னு ஒரு ஊரு இருந்துச்சான்னே தெரியாது."

அக்காவின் கட்சி சொட்டு மருந்து. "ரெண்டே சொட்டு. மூக்கு கதவத் தெறந்த மாதிரி தெறந்துக்கும். தூக்கம் கெடையாது ஒண்ணும் கெடையாது."

நானும் ஒரு டிசம்பர் அந்தக் கட்சியில் சேர்ந்தேன். உண்மைதான், கதவு திறந்தது. முதல் வாரம் காலையில் ஒரு தரம் விட்டால் சாயங்காலம் வரை தாங்கியது. அடுத்த வாரம் மத்தியானமே அடைத்தது. அதற்கடுத்த வாரம் சொட்டு விட்ட கை காய்வதற்குள் அடைத்தது. தும்மலைவிட அடைப்பு மோசமாகி, கிறிஸ்துமஸ் பூசையில் வாயால் மூச்சுவிட்டுக்கொண்டு பாட்டுப் பாட முடியாமல் நின்றேன். அக்காவும் அதே கதிதான். கைப்பையில் ஒன்று, மேசை டிராயரில் ஒன்று, தலைமாட்டில் ஒன்று என்று பாட்டில் வைத்திருந்தார். "விடலாம்னு பாத்தா விட மாட்டேங்குதும்மா" என்றார். நான் மறுபடி சின்ன மாத்திரைக்கே திரும்பினேன்.

நடுவில் சொன்னவர்கள் சொன்னதெல்லாம் செய்தேன். நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தேன், யூகலிப்டஸ் எண்ணெயைத் தலையணையில் தெளித்தேன், மிளகுப் பால் குடித்தேன். ஆவி பிடிக்கிற நேரத்துக்குச் சுகமாக இருக்கும், துண்டை எடுத்ததும் தும்மல் வரும். குன்றத்தூர் மலைக் கோயிலுக்கு ஒரு தரம் ஏறி வந்தால் சரியாகும் என்று அக்கா சொன்னார். நான் எங்கள் ஆட்களிடமும் வேண்டிக்கொண்டாயிற்று அக்கா, யாரும் கேட்கவில்லை என்றேன். சிரித்தார். நானும் சிரித்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

தொண்ணூறுகள் பிறந்த பிறகுதான் நான் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். அதுவும் மேனேஜர் சொல்லித்தான். குரோம்பேட்டையில் மாடி மேல் கிளினிக். டாக்டர் ஒரு விளக்கை நெற்றியில் கட்டிக்கொண்டு மூக்குக்குள் பார்த்தார். சொட்டு மருந்தை அந்த மாதிரி நாள் கணக்காக விடக் கூடாது, மூக்கு அதற்குப் பழகி வீங்கும் என்று திட்டினார். பிறகு கேட்டார்.

"வருஷா வருஷம் எப்ப ஆரம்பிக்கும்?"

"டிசம்பர் ரெண்டாவது ஞாயித்துக்கிழம, டாக்டர்."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "பனி காலண்டர் பாத்தெல்லாம் வராதும்மா. அன்னைக்கு வீட்ல என்ன பண்ணுவீங்க? பரண்ல இருந்து பழைய பெட்டி எதாவது எறக்குவீங்களா? பழைய துணி, பஞ்சு, வைக்கோல், அந்த மாதிரி?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. அத்தனை வருடமாகத் தெரியாமல் இருந்தேனா, தெரிய வேண்டாமென்று இருந்தேனா, அது இப்போதும் எனக்கு விளங்கவில்லை. டிரங்குப் பெட்டியின் மூடி திறப்பதும், சேலையை அவிழ்க்கும்போது கிளம்புகிற தூசியும், அதற்குப் பக்கத்திலேயே முழங்கால் போட்டு நான் உட்கார்ந்திருப்பதும் கண்ணில் வந்தன.

"இல்ல டாக்டர். பனிதான்" என்றேன்.

மாடிப்படி இறங்கும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னால், அம்மா அன்றைக்கே அதை எடுத்துப் போட்டுவிடுவாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மகளுக்கு ஆகாது என்றால் தங்கத்தையும் தூக்கி எறிகிறவள். அப்படி எறிந்துவிட்டால் அண்ணன் கைபட்டது என்று அந்த வீட்டில் ஒன்றும் மிச்சமில்லை. சட்டைகளை அனாதை விடுதிக்குக் கொடுத்தாயிற்று. சைக்கிளை அப்பா விற்றுவிட்டார், பார்க்க முடியவில்லை என்று. அந்தக் கூரை ஒன்றுதான் அவன் கத்தரித்த கத்தரிப்போடு இருந்தது. என் மூக்கு பெரிதா அது பெரிதா என்று பார்த்தால், மூக்குக்குத்தான் மருந்து இருக்கிறதே. நான் சொல்லவில்லை.

டாக்டர் இரண்டு மருந்து எழுதியிருந்தார். ஒன்று அப்போது புதிதாக வந்த மாத்திரை, நாளுக்கு ஒன்று, அவ்வளவாகத் தூக்கம் வராது. இன்னொன்று மூக்கில் அடிக்கிற ஸ்ப்ரே. மெடிக்கல் ஷாப்காரர் ஸ்ப்ரேயைக் கொடுக்கும்போது, "இது ஸ்டீராய்டும்மா, பாத்துக்கோங்க" என்று ஒரு மாதிரியாகச் சொன்னார். பயந்துபோய் மறுபடி மாடியேறினேன். உடம்புக்கெல்லாம் போகாது, மூக்கோடு நிற்கிற சின்ன அளவுதான், ஆனால் சொட்டு மருந்து போல உடனே கேட்காது, தும்மல் தொடங்குவதற்கு முன்பிருந்தே விடாமல் தினமும் அடிக்க வேண்டும் என்றார் டாக்டர். ஆக, நவம்பர் நடுவிலேயே, ஒரு தும்மலும் இல்லாதபோதே, நான் கண்ணாடி முன்னால் நின்று மூக்கில் மருந்து அடித்துக்கொள்ள ஆரம்பித்தேன்.

ட்ரெயினில் அக்காவிடம் தீர்ப்புச் சொன்னேன். புது மாத்திரை தும்மலையும் அரிப்பையும் நிறுத்துகிறது, அடைப்பை அவ்வளவாகத் தொடவில்லை. ஸ்ப்ரே அடைப்பைத் திறக்கிறது, ஆனால் பொறுமை வேண்டும், இரண்டு நாள் விட்டால் முதலிலிருந்து. பழைய மாத்திரையும் தும்மலை நிறுத்துகிறது, ஆளையும் நிறுத்திவிடுகிறது. சொட்டு மருந்து மோசடி. அக்கா அதையெல்லாம் கவனமாகக் கேட்டுக்கொண்டு மறுநாளே அதே டாக்டரிடம் போனார். அவருக்கு எதனால் தும்மல் வந்தது என்பது கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. கோலப்பொடி இல்லை என்று மட்டும் முடிவானது.

மருந்து நன்றாகவே கேட்டது. அதில்தான் பேஜார். பல வருடத்துக்குப் பிறகு ஒரு டிசம்பரில் நான் முழுசாக விழித்திருந்தேன். இரண்டாவது ஞாயிறு அம்மா பெட்டியைத் திறந்தாள். நான் வழக்கம் போலப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், மங்கல் இல்லாத கண்ணோடு. அம்மா கூரையைச் சேலையிலிருந்து எடுக்கும்போது அதை மூச்சுப் படாமல் எடுத்ததைப் பார்த்தேன். வைக்கோல் கறுத்து, தொட்டால் உதிர்கிற நிலையில் இருந்தது. நூல் மட்டும்தான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. தரையில் விழுந்த துணுக்குகளை அம்மா விரல் நுனியை எச்சில் தொட்டு ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்து, திரும்பக் கூரைமேலேயே வைத்தாள். ஒன்றையும் விடவில்லை. இதை அவள் எல்லா வருடமும் செய்திருக்க வேண்டும். நான் மாத்திரை போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்து பார்த்தும் பார்க்கவில்லை. அன்றைக்கு எனக்குப் பழைய மாத்திரை வேண்டும் போல இருந்தது. போட்டுக்கொள்ளவில்லை.

பிறகு இரண்டு மூன்று கிறிஸ்துமஸ் அப்படிப் போனது. ஆபீசில் டைப்ரைட்டரை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் வைக்கப்போவதாகச் சொல்லி, ஒரு நவம்பர் கடைசியில் என்னைப் பயிற்சிக்கு பெங்களூர் கிளைக்கு அனுப்பினார்கள். அவசரத்தில் ஸ்ப்ரேயை அலமாரியிலேயே விட்டுவிட்டேன். அங்கே பனி என்றால் பனி. காலையில் எதிர் வீடு தெரியாது. நான் ஒரு தும்மலும் தும்மவில்லை. கிறிஸ்துமஸுக்கு முதல் நாள்தான் வீட்டுக்கு வந்தேன். பையை வைத்துவிட்டுக் குடில் முன்னால் உட்கார்ந்தேன். அம்மா காபி கொண்டுவந்தாள். டம்ளரை வாங்குவதற்குள் ஆரம்பித்துவிட்டது. அடுக்கடுக்காகத் தும்மினேன், காபி சிந்தியது.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பெங்களூர்ல தும்மல் இருந்துச்சாடி?"

"இல்லம்மா."

"அங்க பனி இல்லையா?"

பொய் சொல்ல வாய் திறந்தேன், இன்னொரு தும்மல் வந்துவிட்டது. அம்மா குடிலைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்கும் மறுநாளும் எல்லாம் வழக்கம் போல நடந்தது. கேக் வெட்டினோம், பூசைக்குப் போனோம், அப்பா பொடி போட்டார்.

மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு மறுநாள் நான் ஆபீசிலிருந்து வந்தபோது டிரங்குப் பெட்டி வாசலில் திறந்து கிடந்தது. உள்ளே துடைத்து, வெயிலில் காய வைத்திருந்தது. அம்மா திண்டில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். காலெல்லாம் புழுதி.

"எங்கம்மா போன?"

"பால்காரர் வீட்டுக்கு. மாடம்பாக்கம்."

"நடந்தா?"

"அவரு சைக்கிள்ல வச்சுத் தள்ளிக்கிட்டு வந்தாரு. நான் கூடவே போனேன்." காலிலிருந்த புழுதியைத் தட்டினாள். "மாட்டுக்குப் போட்டாரு. அது மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கிச்சு."

பால்காரர் சொன்னதையும் அம்மா அவர் குரலிலேயே சொன்னாள். "இன்னாமா இது, மக்கிப் பூடுச்சே, மாடு எப்படித் துன்னும்? இத்தினி வருசமா வூட்டுலயா வச்சிருந்தே?" கடைசியில் அதை எருக்குழியில் போட்டிருக்கிறார். கூரையை அம்மாவே போட்டாளாம். நூலை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். அழுக்கேறிய வெள்ளை நூல், உருண்டையாகச் சுற்றி மேசைமேல் இருந்தது.

"கால் கழுவிட்டு வாம்மா" என்றேன்.

அடுத்த டிசம்பரில் பால்காரர் புது வைக்கோல் கொண்டுவந்தார். அம்மா அந்த நூலாலேயே கூரை கட்டினாள். ஒரு பக்கம் தூக்கியும் ஒரு பக்கம் இறங்கியும் இருந்தது. விளிம்பை வெட்டவில்லை. நவம்பரிலிருந்து நான் ஸ்ப்ரே அடிக்கவில்லை, மாத்திரை எதுவும் போடவில்லை. புது வைக்கோலுக்கு ஒரு வாசனை உண்டு. அத்தனை டிசம்பர்களில் முதல் தடவையாக எனக்கு அது தெரிந்தது. அண்ணன் வேலை முடிந்து கையைத் தட்டும்போது வருகிற வாசனை.

சாயங்காலம் குடிலுக்கு பல்பு போட்டோம். அப்பா செபமாலைக்குக் கோயிலுக்குப் போயிருந்தார். அம்மா அடுப்படியில் இருந்தாள். நான் குடில் முன்னால் உட்கார்ந்திருந்தேன். தும்மல் வரவில்லை. மூக்கு ஒழுகத் தொடங்கியது, கண்ணும். அடக்கிப் பார்த்தேன். உறிஞ்சுகிற சத்தம் அடுப்படிவரை கேட்டிருக்கிறது.

"என்னடி, இன்னுமா?" என்று அம்மா அங்கிருந்தே கேட்டாள். "அதான் வைக்கோல மாத்தியாச்சே."

"பனிம்மா" என்றேன்.

அடுப்படியில் சத்தம் நின்றது. அம்மா வந்து வாசற்படியில் நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள், பிறகு அந்தக் கோணல் கூரையைப் பார்த்தாள். என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தப் பழைய மாத்திரை இருக்கா? போட்டா ஒண்ணும் தெரியாதும்பியே, அது?"

கைப்பையில் தேடினேன். அடியில், மடங்கிப்போன அட்டையில், இரண்டு மிச்சமிருந்தன. ஒன்றைக் கிள்ளி வாயில் போடப் போனபோது அம்மா கையை நீட்டினாள்.

"எனக்கும் ஒண்ணு குடு."

அம்மா என் கண்ணெதிரே ஒரு நாளும் தும்மியதில்லை. அவளுக்கு எந்த அலர்ஜியும் கிடையாது. மற்றதைக் கிள்ளி அவள் கையில் வைத்தேன். ஒரே சொம்புத் தண்ணீரில் ஆளுக்கு ஒன்று விழுங்கிவிட்டு, அது வேலை செய்வதற்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.